ஒல்லாந்துக்காரருக்கு வைத்த இலை

எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் பெற்றது நாலு. கொழுந்தன் செத்த பிறகு அவன் பிள்ளைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஆக ஆறு பேரை வளர்த்தவள் நான். ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குள் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன், இன்னும் மறக்கவில்லை. அதனால் இதை நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரமில்லை.

இது ஒரு ஒல்லாந்துக்காரரைப் பற்றி. அவர் செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஒல்லாந்து தேசத்தில் ஓர் ஊரில் சட்டம் படிப்பித்த பேராசிரியராம். என் கடைசி மகன் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறான். அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமை. கவலை, தனிமை என்று என் மருமகள் அதற்கு நல்ல நல்ல பெயராக வைத்துப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான்.

என் வீட்டுக்காரர் கண்டியில் ஒரு லோயர் ஐயாவிடம் வேலைக்கு இருந்தார். ஐயா கோட்டுக்குப் போகும்போது சட்டப் புத்தகங்களைத் தோல் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். எந்த வழக்குக்கு எந்தப் புத்தகம் என்று அட்டையின் நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வந்து தனக்குச் சொல்லட்டும் என்றுதான் கடைசி மகனைப் படிக்க வைத்தார். அவனும் படித்தான். இன்று கெம்பஸில் சட்டம் படிப்பிக்கிறான். அந்தப் பையைத் திறந்தவன் உள்ளே தன் அப்பாவைத் தேடியிருக்கலாம். ஒல்லாந்துக்காரரைத்தான் கண்டுபிடித்தான்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை இருக்கிறது. மேசைக்கு நேர் மேலே அந்த மனிதரின் படம். கறுப்பு அங்கி, கூரான தாடி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி, தலையைத் தட்டில் எடுத்து வைத்த மாதிரி. கண் இரண்டும் நம்மையே பார்க்கும். என் வீட்டுக்காரர் படம் சாப்பாட்டு அறையில் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அதைத் துடைப்பது நான். ஒல்லாந்துக்காரரைத் துடைப்பது என் மகன். அவன் கையால் ஒரு துணியை எடுத்துத் துடைக்கிற ஒரே பொருள் அந்த வீட்டில் அதுதான்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பேராசிரியர் இருந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் தங்கிப் புத்தகத்தை எழுதி முடிக்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். சாப்பிடும்போது மகன் சொன்னான்.

“நீங்க போன்னு சொன்னாத்தான் போவேன்மா. வேணாம்னா வேணாம்னு எழுதிடுறேன்.”

“உன் பொண்டாட்டி என்ன சொல்றா?”

“அவ சரின்னுட்டா. நீங்கதான் சொல்லணும்.”

ஏன் என்னைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். எழுபத்தொன்பது வயதில் ஒரு வருடம் என்பது சின்னக் கணக்கில்லை. அவன் அங்கே இருக்கும்போது நான் போய்விட்டால்? அவனுக்குக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். நான் யாரையும் எதற்கும் கெஞ்சினதில்லை.

“மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குல்ல? அந்த ஆளு யாரு எவருன்னு எனக்கு மொதல்ல சொல்லு. பொண்ணு கட்டக்கூட குடும்பத்த விசாரிச்சுட்டுத்தானே போறோம்.”

மகனுக்கு முகமெல்லாம் பல். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். எதிரி வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் நான் கேட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் கெம்பஸுக்குப் போகுமுன் அரை மணி நேரம் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து சொல்லுவான். நான் போஞ்சி நறுக்கிக்கொண்டு கேட்பேன்.

அந்த மனிதர் பாண் சுட்டு விற்ற ரொட்டிக் கடைக்காரரின் மகன். தகப்பன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். தாய்தான் பாண் சுடும் போறணை அடுப்பைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறாள். பையன் கெட்டிக்காரன் என்று கோயில் பாதிரியார் சொல்ல, பதினாறு வயதில் வாய்க்காலில் படகேற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பினார்களாம். அங்கே லத்தீன் பாஷையில் சட்டம் படித்து, மீசை முற்றுமுன் பேராசிரியராகி, உயரமான மேடையில் ஏறி நின்று படிப்பித்தார். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ பிள்ளைகள் வந்தார்கள். சம்பளம் போதாது. அதனால் பதினாலு மாணவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்.

“அவரா போட்டாரு?” என்று கேட்டேன்.

“அவரு மனைவி சமைச்சாங்க.”

“அவளப் பத்தி என்ன எழுதியிருக்க?”

“ஒரு வரிதான் கெடச்சிச்சும்மா.”

“பதினாலு பேருக்கு வடிச்சுக் கொட்டினவளுக்கு ஒரு வரியா? அந்த ஆள் என்னத்த சாப்பிட்டாருன்னு எழுதியிருப்பியே?”

“அது இருக்கு. உப்புப் போட்ட மீன், சீஸ், பாண், பியர். தண்ணி நல்லா இல்லாத ஊரு, எல்லாரும் பியர்தான் குடிப்பாங்க.”

அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் நான் கேட்டேன், எங்கேயோ கிடக்கிற வெள்ளைக்காரன் நமக்கு என்ன உறவு என்று. அதற்கு மகன் சொன்னான்: “இங்க கண்டிச் சிங்களவங்களுக்குக் கண்டிச் சட்டம் இருக்கு. யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்குத் தேசவழமை. முஸ்லிம் ஆளுங்களுக்கு அவங்க சட்டம். தோட்டத்துல இருந்து வந்த நமக்குன்னு என்னம்மா இருக்கு? ஒண்ணுமில்ல. நமக்கு ஒல்லாந்துக்காரங்க விட்டுட்டுப் போன பொதுச் சட்டந்தான். அப்பா தூக்கிட்டுப் போன புத்தகத்துல பாதி இவங்க சொன்னதுதான்.”

கேட்டபோது எனக்கு இன்னும் எரிந்தது. நாதியில்லாத நமக்கு அந்த மனிதர் தகப்பன் ஸ்தானத்துக்கு வந்துவிட்டார் பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவரைப் பிடித்தது. அவரோடு இன்னொரு பேராசிரியர் இருந்தாராம். பட்டம் கொடுக்கிற நாளில் ஊர்வலமாகப் போகும்போது யார் முன்னால் நடப்பது என்று இரண்டு பேருக்கும் வருடக்கணக்கில் சண்டை. ஒரு தடவை மற்றவரை முன்னால் விட்டார்கள் என்று இவர் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மகன் அதை வெட்கப்பட்டுச் சொன்னான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். படித்த மனிதருக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தப் படத்தில் இருப்பது ஓர் ஆள் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. மகன் ஒரு கடதாசியை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் பேராசிரியரின் தாய் எழுதி வைத்த மரண சாசனத்தின் பிரதி. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரோ எழுதியதன் அடியில் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தாள். கோணல் மாணலாக, மை வழிந்து.

“பாருங்கம்மா, கை நடுங்கியிருக்கு,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

இவனுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாவற்றிலும் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். பெருவிரல் ரேகை இல்லை, முழுப் பெயர். தோட்டத்தில் என் வயதுப் பெண்களில் பெயர் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அந்தக் கையெழுத்து நடுங்கினதா, நேராக இருந்ததா என்று என்றைக்காவது பார்த்தானா?

“அந்தத் தாய் எப்ப செத்தா?”

“இவரு அந்த ஊருக்குப் போய்ப் பல வருஷம் கழிச்சு. சாவுக் கடிதம் படகுல வந்திருக்கு. வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு.”

“இவரு என்ன செஞ்சாரு?”

கடதாசியை மடித்தான். “அன்னைக்கும் வகுப்பு எடுத்திருக்காரும்மா. ஒரு மாணவரு கொப்பில எழுதி வச்சிருக்காரு.”

நான் போஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயந்தரம் அவன் அறையைக் கூட்டப் போனபோது சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரத்தில் ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்ததால் அவன் மகளை, என் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அது ஒல்லாந்துக்காரர் செத்த நாள்.

போன ஆடியில் என் வீட்டுக்காரர் தெவசத்தன்று இவன் கொழும்பில் இருந்தான், பழைய கடதாசி பார்க்க. மறந்துவிட்டதாக மறுநாள் சொன்னான். அதற்கு முந்திய வருடமும் அப்படித்தான். நான் தனியாக இலை போட்டு, தனியாகக் காகத்தைக் கூப்பிட்டேன். இவருக்கு மட்டும் சிவப்பு வட்டம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். பெற்ற பிள்ளை இல்லாத மனிதர் அவர், மகன்தான் சொல்லியிருந்தான். முந்நூறு வருடமாக அவருக்கு இலை போட்டவர்கள் யாருமில்லை. பசியோடு அலைகிற ஆத்மா வேறு என்ன செய்யும்? என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. வயிறு நிறையப் போட்டு அனுப்பிவிட்டால் போய்விடும். பிறகு மகனே அந்தக் கடிதத்துக்கு வேண்டாம் என்று எழுதுவான். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை.

சிவப்பு வட்டத்து நாளன்று எல்லாரும் வெளியே போன பிறகு தலைக்குக் குளித்தேன். திரீவீல் பிடித்துக் கண்டிக்குப் போய் டின் மீன், சீஸ், அரை றாத்தல் பாண் வாங்கினேன். பியரைத் திரீவீல்காரரையே வாங்கிவரச் சொன்னேன். ஆச்சி வீட்டில் இன்றைக்குப் பார்ட்டியா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். இல்லை, செத்தவருக்கு என்றேன். அதன் பிறகு அம்பிட்டிய வரும்வரை அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

உச்சி வேளையில் மகன் அறையில், அந்தப் படத்துக்குக் கீழே, தலைவாழை இலை போட்டேன். மீனைக் கழுவி உப்புப் போட்டு வைத்தேன். சீஸின் வெள்ளிக் கடதாசியை உரித்தேன். பியரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன், நுரை வழிந்து மேசைக் காலில் பட்டது. விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஐயா, வயிறாரச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு வந்த வழியே போயிருங்க. எம்புள்ளய விட்டுருங்க.”

மதிலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். வந்த காகம் மீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சீஸைக் கவ்விக்கொண்டு பறந்தது. அவர்தான், சந்தேகமில்லை என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். மகன் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் ஏற்றி, அங்கே படிப்பிக்கிற மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பேத்திதான் முதலில் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அப்பா, ஓடி வாங்க! அப்பாயி உங்க ஒல்லாந்து புரொபசருக்கு பியர் குடுத்திருக்காங்க!”

மருமகள் வாசலில் நின்று பார்த்தாள். இலையையும் விளக்கையும் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “என்ன மாமி இப்படிப் பண்ணிட்டீங்க? அனுப்பி விடுறதுக்கா படையல் போட்டீங்க? ஒருவாட்டி இலை போட்டா வருஷா வருஷம் போடணும்ல. இனிமே அவரு நம்ம வீட்டு ஆளு.”

அவள் சொன்னது நிஜம். எத்தனை வீட்டுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். இலை போட்டுக் கூப்பிடுவது சொந்தத்தை. அன்னியரை அப்படிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் சொந்தமாகிவிடுவார்கள். பொறாமையில் அது என் புத்தியில் ஏறவில்லை. துரத்தப் போனவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மகன் சிரிக்கவில்லை. இலைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“கடைசிக் காலத்துல அவரு மீன் சாப்பிடலம்மா,” என்றான் மெதுவாக. “பல்லெல்லாம் போயிருச்சு. பாலுல நனைச்ச பாண்தான் சாப்பிட்டாரு.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரு சொல்லில் அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

“அப்படியா? பல்லு போனதுகூடத் தெரியுமா? உங்கப்பா கடைசியா என்ன சாப்பிட்டாருன்னு சொல்லு பாப்போம்.”

மகன் எழுந்திருக்கப் பார்த்தான்.

“சொல்லேன்டா. முந்நூறு வருஷம் போக வேணாம். ஒம்பது வருஷந்தான்.”

“நான் அப்ப கொழும்புல இருந்தேன்மா.”

“கேட்டிருக்கலாம்ல? நான் உசுரோடதானே இருக்கேன். ஒருநா, ஒருநா வந்து கேட்டியா?”

மருமகள் பேத்தியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகன் தலையைக் குனிந்துகொண்டு, “என்னம்மா சாப்பிட்டாரு?” என்று கேட்டான்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் சொன்னேன். அவருக்குக் கிம்புலா பனிஸ் வேண்டுமாம். முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி தூவிச் சுடுவார்களே, அது. கெலிஓயாவில் ஒரு கடையில் சுடுவதுதான் வேண்டும் என்று பிடிவாதம். மூத்த மகள் பஸ்ஸில் கொண்டுவந்தாள். பிளேன் டீயில் தோய்த்துப் பாதி சாப்பிட்டார். மீதிப் பாதியைக் கடதாசியில் சுற்றித் தலையணைப் பக்கம் வைத்தார். “சின்னவன் வந்தா குடு, அவனுக்குப் பிடிக்கும்,” என்றார். இவன் வந்தபோது வீடு நிறைய ஆட்கள், பறைச் சத்தம், அழுகை. பனிஸை நான் மறந்துவிட்டேன். எட்டாம் நாள் எறும்பு மொய்த்தபோதுதான் நினைவு வந்தது. இத்தனை வருடமும் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மகன் அழுதான். அழுதுகொண்டே சட்டைப் பையில் கையை விட்டு, எப்போதும் வைத்திருக்கும் சின்னக் குறிப்பு அட்டையையும் பென்சிலையும் எடுத்தான். ஒல்லாந்துக்காரரைப் பற்றி ஏதாவது அகப்பட்டால் குறித்து வைப்பானே, அதே அட்டை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ எழுதாத. உனக்கு அந்த ஆளு இருக்காரு. இவர நான் எழுதிக்கிறேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சிலுவைக் குறியைப் பார்த்தானே, அப்படி என்னைப் பார்த்தான். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பார்த்தான்.

பியரை ஊற்றிக் கழுவினோம். மீனை மருமகள் வெங்காயம் போட்டுத் தாளித்தாள், எல்லாரும் சாப்பிட்டோம். சாமிக்குப் படைத்ததை வீணாக்கக் கூடாது, செத்தவருக்குப் படைத்ததையும்தான்.

மறுநாள் பேத்தியிடம் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டேன். பகலில் வீடு சும்மா கிடக்கும்போது எழுதுகிறேன். வீட்டுக்காரரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒல்லாந்துக்காரர் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டார், இங்கேயும் முன்னால் நடக்க வேண்டும் அவருக்கு. போகட்டும். எழுதியதை அடிக்கமாட்டேன்.

இன்று மாதக் கடைசி. மகன் இன்னும் என்னைக் கேட்கவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை கதவு வரை வந்துவிட்டுப் போனான். பாவம். பதிலை இதில் எழுதுகிறேன்.

போ. அந்த ஊர்க் கொப்பிகளையெல்லாம் பார்த்துவிட்டு வா. எனக்கு இன்னும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை, நீ திரும்பி வரும்வரை பிடிக்கப்போவதும் இல்லை. ஆனால் உன்னை இங்கே கட்டிப்போட்டால் நீ அறைக்குள் அவரோடுதான் இருப்பாய், நான் வெளியே இருப்பேன். அதைவிட நீ அங்கே இருந்து என்னை நினைப்பது எனக்கு லாபம். ஆடியில் உங்கப்பா தெவசத்துக்கு அங்கேயே ஓர் இலை போடு. வாழையிலை கிடைக்காவிட்டால் தட்டு. நடுவில் என்னைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் அவர் மாதிரி அன்றைக்கும் புத்தகத்தைப் பிரிக்காதே. மூடி வைத்துவிட்டு பிளேன் ஏறு. நீ வரும்வரை என்னை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் திட்டினாள், ஆனாலும் சரி என்றாள்.

மகன் பக்கத்து அறையில் இருக்கிறான், கதிரை நகரும் சத்தம் கேட்கிறது. பேத்தி பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள்.

இந்தா புள்ள, கொப்பியப் பிடி. மொதல்ல இருந்து வாசி. முழுங்காம, ஒவ்வொரு சொல்லா, நல்லா சத்தமா வாசி. கதவத் தொறந்து வச்சுட்டு வாசி.